நாற்பத்தேழு கிலோ

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த நர்ஸ் அவள். கெட்டிக்காரப் பெண், ஆனால் எதையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுவாள்.

“சிஸ்டர், நம்ம சென்டர் கம்ப்யூட்டர்ல புதுசா ஒண்ணு போட்டுக் குடுத்திருக்காங்க. பேஷண்டோட வயசு, எடை, சுகர், பிரஷர், ரத்த ரிப்போர்ட் எல்லாத்தையும் போட்டா, இவங்களுக்கு இன்னும் சில வருஷத்துல கிட்னி கெட வாய்ப்பு எவ்வளவுன்னு கலர் போட்டுக் காட்டுது. பழைய கார்டையெல்லாம் மூட்டை கட்டப் போறோம். அதுல மேல் மூலையில பென்சில்ல புள்ளி புள்ளியா வெச்சிருக்கே, அது என்னது? அதையும் ஏத்தணுமா?”

ஏற்ற வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிறகு அடுப்படியில் நின்றவள் குழம்பைத் தீயவிட்டேன். மகள் வந்து அடுப்பை அணைத்து, “யாரும்மா போன்ல?” என்று கேட்டாள். ஆபீஸ் விஷயம் என்றேன். அந்தப் புள்ளிகள் என்ன என்று போனில் சொல்லிவிட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் நர்சிங் படித்ததும், பிரசவ வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் பாதி சர்வீஸைக் கழித்ததும் இங்கே தேவையில்லை. ராயபுரத்தில் பிறந்து, ராயபுரத்திலேயே கல்யாணமாகி, கோயில் மணிச் சத்தத்துக்கும் துறைமுகத்து லாரிச் சத்தத்துக்கும் நடுவில் இருந்தவள். ஏ.ஆர்.டி. சென்டருக்கு மாற்றல் வந்தபோது, அதாவது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாதாமாதம் மாத்திரை கொடுக்கும் இடத்துக்கு வந்தபோது, என் மாமியார் ஒரு வாரம் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. எனக்கும் உள்ளூரப் பயம்தான். ஊசி கையில் குத்திவிட்டால் என்ன ஆகும் என்ற பயம். மூன்று மாதத்தில் அது போய்விட்டது. அதற்குப் பதிலாக வேறொரு பயம் வந்தது. அது இன்றுவரை போகவில்லை.

ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள் மாத்திரை போட்டு எழுந்து நடந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். எண்ணூரிலிருந்து வருகிற ஒருவர், அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய் வேலைக்குத் திரும்பப் போய்விட்டு, அந்தச் சாம்பல் படிந்த சட்டையோடேயே வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போவார். ஆனால் உயிரைக் காப்பாற்றும் அதே மாத்திரை சிலருக்குச் சிறுநீரகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். எல்லாருக்கும் இல்லை. யாருக்கு என்பதுதான் கேள்வி. சிறுநீரகம் வலித்துச் சொல்லாது. முக்கால்வாசி போன பிறகுதான் காலில் வீக்கம் வரும். அதற்குள் கண்டுபிடித்தால் மாத்திரையை மாற்றலாம். பிந்தினால் டயாலிசிஸ். வாரத்துக்கு இத்தனை நாள் மெஷினோடு கட்டிப் போட்ட வாழ்க்கை.

எங்கள் டாக்டர் பெயர் சபாபதி. ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேச மாட்டார், அதுவே எங்களுக்கு நடுக்கம். பேஷண்ட் கதவில் நுழைந்து நாற்காலியில் உட்காரும்வரை கார்டைத் திறக்க மாட்டார். நடையைப் பார்ப்பார். பிறகு மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து குனிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தி, பத்து எண்ணுவார். எடுத்த பிறகு குழி நிற்கிறதா என்று பார்ப்பார். பெரிய டாக்டர் தங்கள் காலைத் தொடுகிறாரே என்று பலர் கூசிக் காலை இழுத்துக்கொள்வார்கள். “இழுக்காதீங்க, மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணும்” என்பார்.

அப்புறம் ஐந்து கேள்விகள், எப்போதும் அதே வரிசையில். சிறுநீரில் நுரை நிற்கிறதா. இரவில் எத்தனை தடவை எழுந்து போகிறீர்கள். வேலை வெயிலிலா, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள். வீட்டில் யாருக்காவது சர்க்கரை, பிரஷர் உண்டா. கடைசியாக, உடம்பு வலிக்கு என்ன போடுகிறீர்கள். இந்த ஐந்தாவது கேள்விக்கு யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் மூட்டை தூக்குகிறவர், வலை இழுக்கிறவர் எல்லாரும் மெடிக்கல் ஷாப்பில் போய் “ஒரு செட்டு குடுப்பா” என்பார்கள். காகிதத்தில் மடித்த நாலு மாத்திரை கிடைக்கும். பெயர் யாருக்கும் தெரியாது. அதில் ஒன்றாவது சிறுநீரகத்துக்கு விஷம்.

இவ்வளவும் கேட்டுவிட்டுத்தான் ரத்த ரிப்போர்ட்டை எடுப்பார். அதில் கிரியேட்டினின் என்று ஒன்று இருக்கும், ஜனங்கள் ‘உப்பு’ என்பார்கள். அந்த எண்ணை அப்படியே நம்ப மாட்டார். “உடம்புல சதை இருந்தாத்தான்மா இந்த உப்பு ஊறும். சதையே இல்லாதவனுக்கு உப்பு நார்மலா இருந்தா அது நல்ல சேதி இல்ல” என்பார். காகித ஓரத்தில் கணக்குப் போடுவார். நூற்று நாற்பதிலிருந்து வயதைக் கழி. வந்ததை எடையால் பெருக்கு. அதை, உப்பையும் எழுபத்திரண்டையும் பெருக்கி வந்ததால் வகு. பெண்களுக்கு அதிலும் கொஞ்சம் குறைக்க வேண்டும். விடை ஐம்பதுக்கு மேல் என்றால் மாத்திரை தொடரலாம். கீழே போனால் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து மாற்ற வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு கார்டின் மேல் மூலையில் பென்சிலால் புள்ளி வைப்பார். ஒரு புள்ளி என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம். இரண்டு என்றால் மூன்று மாதம். மூன்று என்றால் மாதாமாதம், வராவிட்டால் நாங்களே போன் செய்ய வேண்டும். ஏன் பென்சில் என்று ஒருநாள் கேட்டேன். “இது தீர்ப்பு இல்ல பிலோமினா. என் பயம். பயம் குறைஞ்சா அழிக்கணும்ல” என்றார்.

என் வேலை எடை பார்ப்பது. செருப்பைக் கழற்று, பையிலிருப்பதை எடுத்து வை, நேரே நில், கீழே குனிந்து பார்க்காதே. நாள் முழுக்க இதையே சொல்லி என் தொண்டை கட்டிப்போகும். எடையை இரண்டு இடத்தில் எழுத வேண்டும். எங்களிடமே இருக்கும் வெள்ளை கார்டில் ஒன்று, பேஷண்ட் கையோடு எடுத்துப்போகும் பச்சைப் புத்தகத்தில் ஒன்று. “எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்தப் புத்தகத்தைக் காட்டு” என்று ஒவ்வொருவரிடமும் சொல்வேன். கிளிப்பிள்ளை மாதிரி சொல்வேன்.

கஜேந்திரன் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு குப்பத்து மீனவர். வயது ஐம்பத்திரண்டு. படகு வைத்திருந்து விற்றுவிட்டு, இன்னொருவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். கும்மிடிப்பூண்டி ரயிலில் வந்து இறங்கி, எட்டரைக்கெல்லாம் வரிசையில் முதல் ஆளாக நிற்பார். மனைவி கஸ்தூரி மீன்காரி. அவளுக்கு நோய் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு மட்டும் வருவாள். தெருவில் பேஷண்டைப் பார்த்தால், அவர் நோய் ஊருக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று, நாங்கள் முதலில் சிரிக்கக்கூடாது என்பது சென்டர் வழக்கம். ஆனால் கஸ்தூரி கூடையோடு என்னைப் பார்த்தால், சுற்றி யார் இருந்தாலும், “இன்னா சிஸ்டர், வஞ்சிரம் கீது, வாங்காத போறியே” என்று கூப்பிடுவாள்.

கஜேந்திரன் பேச்சிலே என்னைச் சிரிக்க வைத்துவிடுவார். அவர் கன்னம் ஒட்டிக்கொண்டு வந்ததை நான் பார்க்காமல் இல்லை. ஆனால் எடை மெஷின் நாற்பத்தேழு காட்டியது. அடுத்த தடவையும் நாற்பத்தேழு. டாக்டர் கணக்குப் போட்டார். உப்பு ஒன்று புள்ளி ஒன்று. விடை ஐம்பத்திரண்டு. “கோட்டுக்கு மேலதான் நிக்கிறார்” என்று ஒரு புள்ளி வைத்தார். கஜேந்திரன் முகத்தைப் பார்த்துவிட்டு எண்ணை மறுபடி பார்த்தார். எண் பிடிவாதமாக அங்கேயே நின்றது.

அந்தச் சனிக்கிழமை நன்றாக ஞாபகம் இருக்கிறது. கஜேந்திரன் மெஷினில் ஏறி நின்றார். நான் எண்ணைப் பார்க்கக் குனிந்தேன். லுங்கிக்குள்ளே எதுவோ அறுந்தது. ஈயக்குண்டுகள் ஒவ்வொன்றாக அவர் காலடியில் விழுந்து தரையில் உருண்டு ஓடின. வலையின் அடிக்கயிற்றில், வலை தண்ணீருக்குள் இறங்குவதற்காகக் கோப்பார்களே, அந்தக் குண்டுகள். நைலான் நூலில் கோத்து இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார். மெஷினின் எண் இறங்கி நாற்பத்தொன்றில் நின்றது.

வரிசையில் இருந்த ஒருவர் சிரித்தார். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். அப்போது வந்தது கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

“எத்தனை மாசமா?” என்று கேட்டேன்.

“ஆறேழு மாசம் இருக்கும் சிஸ்டர்.” அவரும் உட்கார்ந்து பொறுக்கினார். “கோச்சுக்காத. எங்கண்ணனும் இந்த நோவுலதான் பூட்டான். அப்பல்லாம் இந்த மாத்திரை ஏது. கஸ்தூரிதான் அவனையும் பார்த்துகினா. கடைசீல இருபத்தொம்பது கிலோ. இப்ப நான் வூட்டுக்குப் போனா புக்கைப் பிடுங்கி மொதல்ல வெயிட்டைத்தான் பார்ப்பா. அது ஒரு கிலோ எறங்குனா அவ சோறு துன்ன மாட்டா. நாப்பத்தேழுன்னு பார்த்தாத்தான் அன்னிக்கித் தூங்குவா.”

டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் திட்டவில்லை. நாற்பத்தொன்றை வைத்துக் கணக்குப் போட்டார். நாற்பத்தைந்தரை. ஐம்பது கோட்டுக்கு எவ்வளவோ கீழே. ஆறு மாதமாகக் கீழேதான் இருந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. ஐந்தாவது கேள்வியை மறுபடி கேட்டார். இப்போது உண்மை வந்தது. தினம் ஒரு செட், வலை இழுத்துவிட்டு வந்து. டாக்டர் அதை நிறுத்தச் சொன்னார். மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். “பதினஞ்சு நாள்ல இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம். இதே மாதிரி இருந்தா மாத்திரையை மாத்திடறேன். அதுவரைக்கும் நிறைய தண்ணி குடிங்க, வெயில்ல நிக்காதீங்க” என்று சொல்லி இரண்டாவது புள்ளியை வைத்தார். இன்னொரு புள்ளிக்குப் பென்சிலைக் கொண்டுபோய், வைக்காமல் எடுத்துவிட்டார்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது. தப்பு அதற்குப் பிறகு, என் மேஜையில் நடந்தது.

வெள்ளை கார்டில் நாற்பத்தொன்று என்று எழுதினேன். பச்சைப் புத்தகத்தை எடுத்தேன். கஜேந்திரன் அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“உன் கார்டுல நெஜத்தை எய்திட்டல்ல சிஸ்டர்? டாக்டர் அதைத்தான பார்க்கப் போறாரு. என் புக்குல நாப்பத்தேழுன்னு எய்திடு. பதினஞ்சு நாள்தான. அதுக்குள்ள நல்லா துன்னு ஏத்திடறேன். அவளுக்கு மட்டும் தெரிய வாணாம்.”

அதில் நியாயம் இருப்பதுபோல எனக்குப் பட்டது. மருத்துவத்துக்கு உண்மை எண், மனைவிக்கு நிம்மதி எண். யாருக்கு என்ன நஷ்டம்? கஸ்தூரியின் முகம் கண் முன்னால் வந்தது. நானும் ஒருத்தன் பெண்டாட்டிதானே. நாற்பத்தேழு என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்கு அன்று நல்ல காரியம் செய்த மாதிரிதான் இருந்தது. பேருந்தில் வீட்டுக்குப் போகும்போதுதான் செய்தது தப்பு என்று உறைத்தது. திங்கட்கிழமை டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை கூட்டம். செவ்வாய்க்கிழமை சொல்லலாம் என்றால், ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பாரே என்று இருந்தது. இப்படி ஒவ்வொரு நாளும் சொல்லாமலே போனது. போன் அடித்தாலே திடுக்கிடுவேன். பதினைந்து நாள் முடிந்தால் புத்தகத்தில் சரியான எடையை எழுதிவிடலாம், அதுவரை ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

பதினோராம் நாள் போன் வந்தது. கஸ்தூரிதான்.

“சிஸ்டர், இவருக்கு மூணு நாளா வயித்தால போய்கினே இருந்துச்சு. வூட்டாண்ட இருக்கிற ஆஸ்பத்திரில சேத்தேன். இப்ப ஒண்ணுக்கே வரல. மூஞ்சி ஊதிகினு கீது. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்னு போவச் சொல்றாங்க. நீ வர்றியா?”

டாக்டரும் நானும் ஆட்டோவில் போனோம். அரசாங்க ஆஸ்பத்திரியின் சிறுநீரக வார்டு. கஜேந்திரன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். டயாலிசிஸுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். முதலில் சேர்த்த இடத்திலிருந்து ஒரு சீட்டு அனுப்பியிருந்தார்கள். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் இருந்ததால் ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருக்கிறார்கள். எடையைப் பார்த்து அளவெடுத்துப் போட வேண்டிய ஊசி, சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு யோசித்துப் போட வேண்டியது. சீட்டில் எடை என்ற இடத்தில் நாற்பத்தேழு கிலோ, பச்சைப் புத்தகத்தின்படி என்று எழுதியிருந்தது. எழுந்து நிற்க முடியாத ஆளை மெஷினில் ஏற்ற முடியாது. அவர்கள் புத்தகத்தை நம்பியிருக்கிறார்கள். எங்கே போனாலும் புத்தகத்தைக் காட்டு என்று கிளிப்பிள்ளை மாதிரி நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

டாக்டர் சபாபதி தான் கொண்டுவந்திருந்த வெள்ளை கார்டையும் அந்தப் பச்சைப் புத்தகத்தையும் ஜன்னல் திட்டில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். ஒரே தேதி. ஒன்றில் நாற்பத்தொன்று, ஒன்றில் நாற்பத்தேழு.

“ரெண்டும் உன் கையெழுத்துதானே?”

“ஆமா சார்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. வார்டு டாக்டரிடம் போய், எடை தப்பாகப் பதிவானது எங்கள் சென்டரில்தான், முதலில் சேர்த்த ஆஸ்பத்திரிக்காரர்கள் மேல் தப்பில்லை என்று சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். திரும்பி வந்து, வழக்கமான தாழ்ந்த குரலில் பேசினார்.

“எடையால மட்டும் இது வந்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன். மூணு நாள் வயித்துப்போக்கு, உடம்புல தண்ணியே இல்ல, ஏற்கெனவே தளர்ந்த கிட்னி, நம்ம மாத்திரை, எல்லாம் சேர்ந்திருக்கு. ஆனா நாப்பத்தொண்ணுன்னு பார்த்திருந்தா, ஒரு மாசத்துல எப்படி இவ்வளவு எறங்குச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பாங்க. அந்த ஒரு நிமிஷம் அவங்களுக்குக் கிடைக்கல.” வெள்ளை கார்டை மூடி வைத்தார். “பேஷண்ட் பொய் சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் அஞ்சு கேள்வி வெச்சிருக்கேன். உனக்கு எத்தனை கேள்வி வெக்கிறது, பிலோமினா?”

என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

கஸ்தூரி வார்டுக்கு வெளியே வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்று போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈயக்குண்டு, இரண்டு எடை, அவர் கெஞ்சியது, நான் எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து என்னை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தீங்களா ரெண்டு பேரும்?” என்றாள். “முப்பது வர்சமா மீனைக் கையில தூக்கிப் பார்த்து வெல சொல்றவ சிஸ்டர் நான். தராசு வெச்சா பின்னால சரியா இருக்கும். எம்புருசன் ராத்திரி பக்கத்துல பொரண்டா கட்டில் எவ்ளோ ஆடுதுன்னு எனக்குத் தெரியாதா? வலையில ஈயம் கொறையிறது எனக்குத் தெரியாதா? அவரு புக்கைக் காட்டுவாரு. நான் சந்தோசமா கீறா மாதிரி மூஞ்சியை வெச்சிக்குவேன். தூங்கற மாதிரி படுத்துக்குவேன். இல்லாங்காட்டி அவரு தூங்க மாட்டாரே.”

பிறகு அவள் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். “உன் கார்டுல டாக்டருங்களுக்கு நெஜம் எய்தியிருப்பன்னு நெனச்சேன். புக்குல இருக்கிற பொய் எனக்குத்தான்னு நெனச்சேன். அந்த ஆஸ்பத்திரில புக்கைக் குடுக்கறப்போ அதைத்தான் அவங்களும் படிப்பாங்கன்னு தோணவேயில்ல.”

எங்கள் பொய்யை அவள் ஒருநாளும் நம்பவில்லை. அதை நம்பியவர்கள், அவர் உயிரைக் கையில் வைத்திருந்த டாக்டர்கள் மட்டும்தான்.

“இப்ப நெஜமா எவ்ளோ?” என்று கேட்டாள்.

“நாப்பத்தொண்ணு இருந்தது. இப்போ நாப்பது இருக்கும்.”

“இல்ல,” என்றாள். “மொதல்ல ஆஸ்பத்திரிக்கு இட்னு போறப்போ நான்தான் வண்டியில தூக்கி வெச்சேன். முப்பத்தெட்டு.”

நாலு நாள் கழித்து அவரைத் தாங்கிப் பிடித்து மெஷினில் நிறுத்தினார்கள். உடம்பில் ஊறியிருந்த நீரையெல்லாம் டயாலிசிஸில் எடுத்த பிறகு. முப்பத்தெட்டேகால்.

அவர் பிழைத்தார். ஒன்பது தடவை டயாலிசிஸ் செய்த பிறகு சிறுநீர் தானே இறங்க ஆரம்பித்தது. முதல் நாள் வந்த சிறுநீரை கஸ்தூரி பாட்டிலில் எடுத்துக்கொண்டு வந்து வார்டு முழுக்கக் காட்டினாள். ஆனால் சிறுநீரகம் பழையபடி திரும்பவில்லை. பாதிக்கும் கீழேதான் நின்றது. மாத்திரையை மாற்றினோம். கடலுக்குப் போக முடியாது என்றாகிவிட்டது. இனி ஒரு வயிற்றுப்போக்கு, ஒரு வலி மாத்திரை, ஒரு வெயில் நாள் போதும், மறுபடி டயாலிசிஸுக்குப் போக வேண்டியிருக்கும், இந்தத் தடவை திரும்பி வருவது சந்தேகம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். எனக்கு அவர் தண்டனை எதுவும் எழுதவில்லை. தினமும் ஒருமுறை என் மேஜையில் வந்து நின்று, பேஷண்ட் எடுத்துப்போவதற்குள் ஒரு பச்சைப் புத்தகத்தை எடுத்து வெள்ளை கார்டோடு ஒத்துப் பார்ப்பார். ஒரே ஒன்று. அவர் மாற்றலாகிப் போகும்வரை அதை ஒருநாளும் விடவில்லை. எதை எடுப்பார் என்று தெரியாததால், நான் எல்லாவற்றையும் இரண்டு முறை ஒத்துப் பார்ப்பேன். அவர் போன பிறகும் பார்த்தேன்.

நித்யா, நீ கேட்ட புள்ளிகள் இவைதான். உன் கம்ப்யூட்டர் எங்கள் டாக்டரைவிட நன்றாகக் கணக்குப் போடும், எனக்கு அதில் சந்தேகமில்லை. அது கேட்கிற பெட்டியில் என்ன எண் போய் விழுகிறது என்பதுதான் என் பயம். அந்த எண்ணை எழுதுகிற இடத்தில் நீ உட்கார்ந்திருக்கிறாய். உன்னிடமும் யாராவது புத்தகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்பார்கள். கேட்கிறவர் நல்லவராகத்தான் இருப்பார்.

அதற்குப் பிறகு கஜேந்திரன் தனியாக வந்ததில்லை. மாதாமாதம் கஸ்தூரி கூடவே வருவாள். அவர் மெஷினில் கால் வைக்கும்போதே, எண் நிற்பதற்குள், “முப்பத்தொம்போது,” “நாப்பது,” “நாப்பத்தொண்ணரை” என்று அவள் சொல்லிவிடுவாள். வரிசையில் நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கால் கிலோ, மிஞ்சினால் அரைக் கிலோ, அதற்கு மேல் அவள் தப்பியதே இல்லை. எடை மெல்ல மெல்ல ஏறி நாற்பத்து மூன்று வரை வந்தது. அவள் சொல்லும் எண்ணைக் கேட்கத்தான் நான் அந்தத் தேதிக்குக் காத்திருப்பேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் இருவரும் வந்தார்கள். கஜேந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கஸ்தூரி உடனே சொல்லவில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, “நாப்பத்தி மூணு” என்றாள், கொஞ்சம் சத்தமாகவே.

மெஷின் முப்பத்தொன்பதேமுக்காலில் நின்றது. நான் அவரை இறங்கச் சொல்லி, நானே ஏறி நின்று பார்த்தேன். மெஷின் சரியாக இருந்தது. அவரை மறுபடி ஏற்றினேன். அதே முப்பத்தொன்பதேமுக்கால். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற அவர், “எவ்ளோ சிஸ்டர், நாப்பத்தி மூணுதான?” என்று கேட்டார். கஸ்தூரி என்னைப் பார்த்தாள். பச்சைப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, அதன் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டாள்.

எனக்குக் கண் மங்கியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அவருக்குக் கேட்கும்படி முப்பத்தொன்பதேமுக்கால் என்று சொல்லி, இரண்டிலும் அதையே எழுதினேன்.